சங்ககிரிக்கு 40,000 வராகன்

மலையும் மகுடமும் – 17

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கையெழுத்தான உடன்படிக்கையோடு ஒரு கணக்குப் பட்டியல் சேர்ந்திருக்கிறது. தோற்றுப்போன திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பாதி ராஜ்யத்தில் கிழக்கிந்தியக் கும்பினியின் பங்குக்கு எந்தெந்தச் சீமை வந்தது, ஒவ்வொன்றின் ஆண்டு வருமானம் எத்தனை வராகன் என்று வரிவரியாக எழுதியிருக்கிறார்கள். கோழிக்கோட்டுச் சீமை 63 தாலுகா, 8,48,765. பாலக்காடு 88,000. திண்டுக்கல்லும் பழனி விருப்பாட்சியும் சேர்ந்து 90,000. சேலம் 24,000. நாமக்கல் 16,000. அதற்குப் பக்கத்திலேயே நம் ஊர்: சங்ககிரி, 40,000.

அந்த வரியை முதன்முதலாகப் பார்த்த அன்று அதன்மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சேலத்தையும் நாமக்கல்லையும் கூட்டினால்தான் சங்ககிரியின் தொகை வருகிறது. இன்று சேலம் மாநகராட்சி, நாமக்கல் தனி மாவட்டத்தின் தலைநகர், சங்ககிரி ஒரு தாலுகா. அன்றைக்கு இந்தக் கோட்டையின் பெயரில் வசூலான நிலம் எவ்வளவு அகன்றதாக இருந்திருக்க வேண்டும்!

கோட்டை கைமாறிய கதை என்றதும் பீரங்கி முழக்கத்தையும் ஏணி போட்டு ஏறும் சிப்பாய்களையும் எதிர்பார்ப்போம். சென்ற இதழில் நாம் ஏறி இறங்கிய மதில்கள், ஒன்றைத் தாண்டினால் இன்னொன்று என்று மலையைச் சுற்றிச் சுற்றி வரும் அந்த வாசல்கள், எல்லாம் அப்படி ஒரு நாளுக்காகக் கட்டப்பட்டவைதாம். ஆனால் சங்ககிரி திப்புவின் கையிலிருந்து கும்பினியின் கைக்குப் போனது இந்தப் பட்டியலில்தான். மதிலை வெல்ல முடியாத இடத்திலும் மை வென்றுவிடும் என்பதை நம் சீமை அன்று கண்டது.

அந்த மையைக் கையாண்டவர்கள் யார்? பேச்சுவார்த்தையில் கும்பினிப் பக்கம் உட்கார்ந்தவர் ஹைதராபாத்தில் அதன் அரசவைப் பிரதிநிதியாக, அதாவது ரெசிடெண்டாக, இருந்த சர் ஜான் கென்னவே. திப்புவின் பக்கம் வந்த வக்கீல்களில் ஒருவர் குலாம் அலி கான். சாதாரண ஆள் அல்ல. திப்புவின் தூதராகத் துருக்கி சுல்தானைக் காணக் கான்ஸ்டாண்டிநோபிள்வரை போனவர். ராஜதந்திரம் வெள்ளைக்காரன் கப்பலில் ஏற்றிவந்த வித்தை என்று நினைத்துவிடக் கூடாது. கடல் கடந்து தூது அனுப்பிய அரசு மைசூரிலேயே இருந்தது. போரில் தோற்றதால் அந்த வக்கீல்கள் கேட்டுக்கொள்ளும் இடத்தில் உட்கார வேண்டியதாயிற்று. மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் அபராதம், பாதி நாடு, தவணை தீரும்வரை பிணையாகச் சுல்தானின் சின்னஞ்சிறு மகன்கள் இருவர்.

அந்தப் பேச்சு நடந்த படைப் பாளையத்தில் 22 வயது வெள்ளைக்கார இளைஞர் ஒருவர் முன்ஷியிடம் பாரசீகம் படித்துக்கொண்டிருந்தார். பெயர் ஜான் மால்கம். பிற்காலத்தில் பாரசீக ஷாவின் அவைக்குத் தூது போனவர், சிந்தியாவோடும் ஹோல்கரோடும் உடன்படிக்கை பேசியவர், பேஷ்வாவின் சரணாகதியை வாங்கியவர், பம்பாய் கவர்னர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் இந்தியாவின் வரைபடம் எந்த மேசைகளில் மாறியதோ அவற்றில் பலவற்றின் ஓரத்தில் இந்த மனிதர் உட்கார்ந்திருக்கிறார். அவர் தொழில் பழகிய முதல் மேசை, சங்ககிரியைக் கைமாற்றிய மேசைக்குப் பக்கத்தில் இருந்தது. ஆகவே இந்த இதழை அவருக்கே ஒதுக்குகிறேன்.

ஸ்காட்லாந்தின் தென்கோடியில், எஸ்க் என்ற ஆற்றங்கரையில், பர்ன்ஃபுட் என்ற பண்ணையில் 1769 மே 2 அன்று பிறந்தவர் மால்கம். 17 பிள்ளைகள் பிறந்த வீடு. தகப்பனார் குத்தகை விவசாயி. எதிலோ பணம் போட்டு நொடித்துப்போனார். கடனில் மூழ்கிய வீட்டில் பையன்களைச் சீக்கிரம் வேலைக்கு அனுப்புவது தவிர வழியில்லை. சிலர் கடற்படைக்குப் போனார்கள். ஜான் பன்னிரண்டு வயதில் லண்டனில் கும்பினி டைரக்டர்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தப்பட்டார்.

அந்தக் காட்சி அவருடைய வாழ்நாள் முழுக்கப் பேசப்பட்டது. இவ்வளவு சின்னப் பையனை எப்படிப் பட்டாளத்தில் சேர்ப்பது என்று டைரக்டர்கள் தயங்கினார்கள். ஒருவர், ஹைதர் அலி எதிரே வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். வாளை உருவித் தலையை வெட்டிவிடுவேன் என்றான் பையன். இவன் தேறுவான் என்று சேர்த்துக்கொண்டார்கள்.

எனக்கு இந்தக் கதையில் தைக்கிற இடம் வேறு. லண்டனில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கேட்பதற்கு டைரக்டர்களுக்கு வேறு பெயர் வரவில்லை. நம் பக்கத்து மலைக்கோட்டைகளையெல்லாம் கையில் வைத்திருந்த ஹைதரின் பெயர்தான் அந்த அறையில் இருந்த எல்லோர் வாயிலும் முதலில் வந்தது. அவ்வளவு பயம் அந்தப் பெயரில் இருந்தது. பையன் 1783இல் சென்னையில் கரையிறங்கியபோது ஹைதர் உயிரோடு இல்லை. 1782 டிசம்பர் 7 அன்று, சித்தூருக்குப் பக்கத்தில், பாளையத்திலேயே இறந்துபோயிருந்தார்.

1784இல் மங்களூர் உடன்படிக்கை கையெழுத்தாகிப் போர் நின்றது. மைசூர்ச் சிறைகளிலிருந்து விடுதலையான ஆங்கிலேயக் கைதிகளை எதிர்கொண்டு கூட்டிவர இரண்டு சிப்பாய்ப் படைப்பிரிவுகளை அனுப்பினார்கள். கைதிகளோடு வந்த மேஜர் டல்லாஸ், சிவப்புச் சட்டை போட்டு மட்டக்குதிரையில் வந்த சிறுவனைப் பார்த்து, உங்கள் தளபதி எங்கே என்று கேட்டார். நான்தான் தளபதி என்றார் மால்கம். அப்போது பதினைந்து வயது.

அதற்குப் பிறகு சில ஆண்டுகள் சீரழிந்தார். சூதாட்டம், கடன், சம்பளம் வருவதற்கு முன்பே செலவு. ஒருவேளைச் சாப்பாட்டுக்கே வழியில்லாத நிலை. தோழர்களிடம் கைநீட்ட ரோஷம் இடம் கொடுக்கவில்லை. அப்போது கடைத்தெருவில் இருந்த கிழவி ஒருத்தி, சாமான் வாங்கிக்கொள், முடிந்தபோது கொடு என்று கடன் கொடுத்தாளாம். கையில் காசு வந்த பிறகு மால்கம் அந்தக் கிழவிக்கு அவள் சாகும்வரை மாதாமாதம் பணம் அனுப்பியதாக அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அவள் பெயரை எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பெயர் தெரிந்திருந்தால் இந்தத் தொடரின் தலைப்பிலேயே போட்டிருப்பேன்.

1790இல் மூன்றாம் மைசூர்ப் போர் வந்தது. மால்கம் நிஜாமின் படையோடு இணைந்த கும்பினிப் பட்டாளத்தில் போனார். அங்கேதான் ரெசிடெண்ட் கென்னவேயையும் அவருடைய உதவியாளர் கிரேம் மெர்சரையும் கண்டார். இவர்களும் தன்னைப்போலப் பட்டாளத்தில் வந்தவர்கள்தாம், ஆனால் இவர்கள் பேச்சுக்கு நவாபுகள் காத்திருக்கிறார்கள், ஒரு கடிதத்தில் ஒரு சீமையை நகர்த்துகிறார்கள். அந்த வேலைக்குச் சாவி எது என்பது அவருக்கு உடனே புரிந்தது. மொழி! அரசவைகளுக்கிடையே நடக்கிற கடிதப் போக்குவரத்து எல்லாம் பாரசீகத்தில். உடன்படிக்கையின் ஒரு படி பாரசீகத்தில். துபாஷியை நம்பி உட்கார்ந்திருக்கிறவனுக்கு எதிராளியின் வாயிலிருந்து வருவதில் பாதிதான் காதில் விழும். விளையாட்டை விட்டு முன்ஷியிடம் உட்கார்ந்தார். 1792இல் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் அவரை நிஜாமின் படையோடு இருந்த பட்டாளத்துக்குப் பாரசீக மொழிபெயர்ப்பாளராக நியமித்தார். அரசியல் துறையில் அவருடைய முதல் படி அது. அதே காரன்வாலிஸ் போட்ட கையெழுத்தில்தான் சங்ககிரி கைமாறியது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1792 முதல் 1799 வரை இந்தச் சீமையில் ஒரு விசித்திரமான நிலை. சேலமும் பாரமகாலும் கும்பினிக்கு வந்துவிட்டன. கோயம்புத்தூர்ச் சீமை திப்புவிடமே இருந்தது. நடுவில் ஏறக்குறையக் காவிரியே எல்லை. குமாரபாளையம் ஒரு நாடு, எதிர்க்கரைப் பவானி இன்னொரு நாடு. பெண் கொடுத்து எடுத்த குடும்பங்கள், ஒரே குலத்துக் காணியாளர்கள், ஒரே கூடுதுறையில் முழுக்குப் போடுகிறவர்கள் எல்லாம் ஒரு பட்டியலால் இரு நாட்டவர் ஆனார்கள். சங்ககிரிக் கோட்டை எல்லைக் காவலாக நின்றது. அதன் உச்சியிலிருந்து மேற்கே காவிரிப் பக்கம் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு இந்த ஏழு ஆண்டுகள் நினைவுக்கு வரும். பரிசலில் ஏறினால் அயல்நாடு!

இந்தச் சீமையை நிர்வகிக்க வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்குக் கீழே மன்றோ, மக்ளியாட், கிரஹாம் என்று மூன்று உதவியாளர்கள். தருமபுரியில் இருந்த தாமஸ் மன்றோவைப் பற்றிப் பின்னால் விரிவாகப் பார்க்கப்போகிறோம். நிலத்தைக் கட்டிக்கொண்டு அழுதவர் மன்றோ. அரசவைகளைச் சுற்றிவந்தவர் மால்கம். இருவரும் உயிர் நண்பர்கள். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு மாண்டபின் மைசூரை எப்படிப் பங்கிடுவது என்று முடிவு செய்ய ஒரு கமிஷன் உட்கார்ந்தது. ஜெனரல் ஹாரிஸ், வெல்லெஸ்லி சகோதரர்கள் இருவர், பாரி குளோஸ், கிர்க்பாட்ரிக் ஆகியோர் உறுப்பினர்கள். செயலாளர்கள் இரண்டு பேர்: மால்கம், மன்றோ. அந்த மேசையில்தான் கோயம்புத்தூர் கும்பினிக்கு என்று எழுதப்பட்டது. காவிரியின் இரு கரையும் மறுபடி ஒரே நாடாயிற்று. வேற்று நாட்டுக்குச் சொந்தமான ஒரே நாடு.

பாரசீகப் பயணத்துக்கு வருகிறேன். மால்கத்தின் பெயர் நிலைத்தது அங்கேதான். வடமேற்கிலிருந்து ஆப்கானிய மன்னர் ஜமான் ஷா இறங்கிவிடுவாரோ, பிரெஞ்சுக்காரர்கள் பாரசீகம் வழியாக வந்துவிடுவார்களோ என்று கல்கத்தாவுக்கு இரட்டைக் கவலை. 1799 டிசம்பர் கடைசியில் பம்பாயில் கப்பல் ஏறிய மால்கத்துக்கு வயது முப்பது. வழியில் மஸ்கட் சுல்தானோடு ஓர் ஏற்பாடு. பிறகு புஷயர் துறைமுகம், ஷிராஸ், இஸ்பகான் என்று மாதக்கணக்கில் ஊர்ந்து 1800 நவம்பரில் டெஹ்ரான் போய்ச் சேர்ந்தார். கண்ணாடிகள், கடிகாரங்கள், துப்பாக்கிகள், தொலைநோக்கிகள் என்று பரிசுப் பொருள்களாகவே ஒரு ஊர்வலம். செலவைக் கேட்டுப் பின்னாளில் லண்டன் முகம் சுளித்தது.

ஏன் இத்தனை மாதம்? பாதி நேரம் மரியாதைச் சண்டை. தூதரை எதிர்கொள்ள யார் வருவது, எவ்வளவு தூரம் வருவது, அவையில் எந்த வரிசையில் ஆசனம், ஆளுநர் எழுந்து நிற்க வேண்டுமா வேண்டாமா என்று ஒவ்வொன்றுக்கும் வாதாடினார் மால்கம். சபை மரியாதை என்றால் என்ன என்பதை நம் ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஊர்த் திருவிழாவில் முதல் பரிவட்டம் யாருக்கு என்பதில் நின்றுபோன தேர்களை நாம் பார்த்திருக்கிறோம். முதல் நாள் விட்டுக்கொடுத்த ஆசனத்தைப் பிறகு எந்த வாதத்தாலும் மீட்க முடியாது என்று மால்கத்துக்குத் தெரிந்திருந்தது. அதே சமயம் ஆள் வேடிக்கையாகப் பேசுவார், வேட்டையாடுவார், குதிரையில் யாரோடும் பந்தயம் விடுவார், கதை கேட்பதிலும் சொல்வதிலும் தீராத ஆசை. மரியாதை விஷயத்தில் மட்டும் வளைந்துகொடுக்க மாட்டார். பாரசீகர்களுக்கு அவரைப் பிடித்துப்போனது.

1801 ஜனவரியில் உடன்படிக்கை முடிந்தது. ஆப்கானியர் இந்தியாவின்மேல் பாய்ந்தால் பாரசீகம் அவர்களைப் பின்னாலிருந்து தாக்க வேண்டும், பிரெஞ்சுக்காரருக்கு நிலம் தரக் கூடாது, ஆபத்து வந்தால் ஆங்கிலேயர் பாரசீகத்துக்கு ஆயுதம் தருவார்கள். நல்ல வார்த்தைகள். 1804இல் ரஷ்யா பாரசீகத்தோடு போர் தொடுத்தது. ஷா உதவி கேட்டார். ரஷ்யா அப்போது இங்கிலாந்துக்கு வேண்டிய நாடு, உதவி வரவில்லை. மனம் வெறுத்த ஷா 1807இல் நெப்போலியனோடு உடன்படிக்கை செய்துகொண்டார். எந்தப் பிரெஞ்சுக்காரனைத் தடுக்க அத்தனை கடிகாரமும் கண்ணாடியும் போயினவோ அந்தப் பிரெஞ்சுக்காரன் டெஹ்ரானில் வந்து உட்கார்ந்தான். மால்கத்தின் திறமையில் குறை சொல்ல முடியாது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் பொறுப்பு அவர் கையில் இல்லை, அவ்வளவுதான். ஆனால் வாக்கு அவர் வாயிலிருந்து போனது. ஒரு தூதரின் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய காயம் இருக்க முடியாது என்று நினைக்கிறேன். 1808இல் அவரை மறுபடி அனுப்பினார்கள். புஷயரைத் தாண்டவே விடவில்லை. டெஹ்ரானுக்கு வராமல் ஷிராஸில் இருக்கும் இளவரசரோடு பேசிக்கொள்ளச் சொன்னார்கள். அவமானம் என்று கப்பலைத் திருப்பிக்கொண்டார்.

1810இல் மூன்றாவது முறை போனபோது காற்று மாறியிருந்தது. ஷா அன்போடு வரவேற்றுச் சிங்கமும் சூரியனும் பொறித்த விருதை அளித்தார். அரசியல் வேலையை லண்டனிலிருந்து நேரே வந்த வேறு தூதர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இவருக்கு அதிகம் மிச்சமில்லை. இவர் கொண்டுபோன பொருள்களில் ஒன்று மட்டும் ஷாவின் அவை கலைந்த பிறகும் நின்றது. உருளைக்கிழங்கு. அதைப் பாரசீகர்கள் மால்கத்தின் பழம் என்ற பொருளில் ஆலு மால்கம் என்று சொல்லத் தொடங்கினார்கள்.

அந்த மூன்றாம் பயணத்தை ஒட்டி வழிகளை வேவு பார்க்க அனுப்பப்பட்ட இளைஞர்களில் ஒருவர் ஹென்றி பாட்டிஞ்சர். மாறுவேடத்தில் பலுசிஸ்தான் பாலைவனத்தைக் கடந்தவர். 1842இல் சீனாவை மண்டியிட வைத்த நான்கிங் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டு ஹாங்காங்கின் முதல் கவர்னர் ஆனார். அதே பாட்டிஞ்சர் 1848 முதல் 1854 வரை சென்னை மாகாண கவர்னர். சேலம் ஜில்லாவும் சங்ககிரியும் அவர் ஆட்சியில்தான் இருந்தன. மால்கத்தின் பள்ளியில் படித்தவர்கள் இப்படி உலகெங்கும் பரவினார்கள்.

சற்றுப் பின்னால் போக வேண்டும். 1803 கடைசியில் மராட்டியப் போரில் ஆர்தர் வெல்லெஸ்லியோடு இருந்தார் மால்கம். சுர்ஜி அஞ்சன்காவ் உடன்படிக்கைக்குப் பின் சிந்தியாவின் அவைக்குப் போனார். அந்தச் சமயத்தில் பெயரளவில் அவருக்கு இருந்த நிலையான பதவி மைசூர் ரெசிடெண்ட். 1807இல் அவருக்குத் திருமணம் நடந்ததும் மைசூரில்தான். ஆனால் அவரை ஒரு இடத்தில் யாரும் உட்காரவிடவில்லை. 1805இல் வடக்கே தளபதி லேக்கின் பாளையத்துக்குப் போனார்.

1805ஆம் ஆண்டை நாம் வேகமாகக் கடக்க முடியாது. அந்த ஆண்டு ஜூலை 30 அன்று காரன்வாலிஸ் இரண்டாம் முறை கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவில் பதவி ஏற்றார். போர்களால் கஜானா காலி, இனிச் சமாதானம், விட்டுக்கொடுத்துப் பேசி முடியுங்கள் என்பது அவர் கொண்டுவந்த செய்தி. அந்தக் கொள்கைப்படிதான், அவர் இறந்த பிறகும், டிசம்பரில் பியாஸ் ஆற்றங்கரையில் யஸ்வந்த்ராவ் ஹோல்கரோடு மால்கம் பேசி உடன்படிக்கை முடித்தார். ஆண்டுக்கணக்கில் போரிட்ட ஹோல்கர் தன் நாட்டின் பெரும் பகுதியோடு ஊர் திரும்பினார்.

காரன்வாலிஸ் கல்கத்தாவில் பதவி ஏற்ற மறுநாள் ஜூலை 31. நம் பக்கத்தில் ஆடிப் பதினெட்டு. அன்று சங்ககிரிக் கோட்டையில், கும்பினியை எதிர்த்து நின்ற பாளையக்காரர் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டார்கள்.

இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்த்த பிறகுதான் மால்கத்தின் வாழ்க்கை எனக்கு முழுதாக விளங்கியது. அவருக்குச் சின்னமலை சாவில் எந்தப் பங்கும் இல்லை. வெகு தொலைவில் இருந்தார். ஆனால் அவர் செய்த தொழிலுக்கு ஒரு வாசல் உண்டு. அந்த வாசலில் யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்பதைக் கும்பினி தீர்மானித்தது. சிந்தியா உள்ளே, ஹோல்கர் உள்ளே, நிஜாம் உள்ளே. திப்புவின் பிள்ளைகளுக்கு வேலூர்க் கோட்டையில் மானியம். பாளையக்காரர்களுக்கு அந்த வாசல் திறக்கவில்லை. கட்டபொம்மனுக்கு 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கயிறு. மருது சகோதரர்களுக்கு 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் கயிறு. சின்னமலைக்குச் சங்ககிரியில் கயிறு. ஒரே காலம், ஒரே அரசு, ஒரே குற்றம்: எதிர்த்து நின்றது. மன்னன் என்று பட்டியலில் பெயர் ஏறியிருந்தால் எதிரி, ஏறாவிட்டால் கலகக்காரன். எதிரியோடு உடன்படிக்கை, கலகக்காரனுக்குத் தூக்குமரம்.

இந்த வேறுபாட்டின் உச்சம் 1818இல் வந்தது. 1817 டிசம்பர் 21 அன்று மகித்பூரில் ஹோல்கரின் படையை ஜெனரல் ஹிஸ்லாப்பும் மால்கமும் முறியடித்தார்கள். ஷிப்ரா ஆற்றைக் கடந்து பீரங்கிகளின் வாய்க்கு நேரே ஓடியவர்களில் நம் சென்னைப் பட்டாளத்துச் சிப்பாய்கள் நிறைய. அடுத்த மாதம் மந்தசௌரில் உடன்படிக்கை. பிறகு மிச்சமிருந்தவர் ஒருவர்: ஓடி ஓடிக் களைத்த பேஷ்வா இரண்டாம் பாஜிராவ். மராட்டியக் கூட்டரசின் தலைவர், புனே ரெசிடென்சியைக் கொளுத்தக் காரணமானவர். அவரைப் பேசிச் சரணடைய வைத்தவர் மால்கம். விலை: பதவியை விட்டுக் கங்கைக் கரையில் பிட்டூரில் போய் இருக்க வேண்டும், சாகும்வரை ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாய்.

எட்டு லட்சமா என்று கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் பிரபுவே அதிர்ந்தார். மால்கம் அசையவில்லை. விழுந்தவனிடம் கண்ணியமாக நடந்துகொண்டால்தான் நாளைக்கு எழுந்து நிற்பவன் நம்மை நம்புவான், அரசின் பலம் ஜனங்கள் அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது என்று வாதாடினார். அவர் மனப்பூர்வமாக நம்பியது அது. பாஜிராவ் 1851 வரை, 33 ஆண்டு, அந்தப் பணத்தை வாங்கினார். அவர் இறந்ததும் வளர்ப்பு மகனுக்கு இல்லை என்று டல்ஹௌசி நிறுத்திவிட்டார். அந்த வளர்ப்பு மகன்தான் நானா சாகிப். 1857இல் கான்பூரில் நடந்தவற்றைப் படிக்கிறவர்கள் மால்கத்தின் எட்டு லட்சத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

மால்வாவை ஆண்ட நான்கு ஆண்டுகளே அவருடைய வாழ்வின் நல்ல காலம் என்று எனக்குத் தோன்றுகிறது. பிண்டாரிக் கொள்ளைக்காரர்களால் பாழாய்ப்போன சீமை. ஊர் ஊராகப் போனார். தன் வாசல் நான்கு பக்கமும் திறந்திருக்கும், இடையில் சேவகனோ முன்ஷியோ நிற்கக் கூடாது என்பது அவர் வகுத்த முறை. குறை சொல்ல வருகிறவன் தன் மொழியில் தானே சொல்ல வேண்டும், அதிகாரி தானே கேட்க வேண்டும். கீழ் அதிகாரிகளுக்கு எழுதிய அறிவுரைகளில் இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பில் மக்கள் அவரைத் தேடி வந்தார்கள். இந்தத் திறந்த வாசலையும் கடைத்தெருக் கிழவியையும் சேர்த்துப் பார்க்கிறபோது, நல்ல மனிதர் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. அவர் சேவை செய்த அரசு என் ஊரில் தூக்குமரம் நட்டது என்று சொல்வதிலும் தயக்கமில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அவர் விரும்பிய பதவிகள் கைநழுவின. 1819இல் பம்பாய் எல்பின்ஸ்டனுக்குப் போனது, 1820இல் சென்னை நண்பர் மன்றோவுக்கு. 1827இல்தான் பம்பாய் கவர்னரானார். அதே ஆண்டு ஜூலையில் மன்றோ பத்திகொண்டாவில் காலராவில் மாண்டிருந்தார். மகாபலேஸ்வரம் மலைவாசஸ்தலமானது மால்கம் காலத்தில். 1830இல் ஊருக்குக் கிளம்பினார், பார்லிமெண்டில் உட்கார்ந்து ஓட்டுரிமைச் சீர்திருத்தத்தை எதிர்த்தார், 1833 மே 30 அன்று லண்டனில் காலமானார். பாரசீக வரலாறு இரண்டு தொகுதி, மத்திய இந்தியாவைப் பற்றிய நூல், பாரசீகப் பயணக் காட்சிகள், கிளைவின் வாழ்க்கை என்று எழுதிக் குவித்தவர். பாரசீகத்தைப் பற்றி ஐரோப்பா நெடுங்காலம் அவர் கண்ணாலேயே பார்த்தது.

அவர் பிறந்த பக்கத்தில், லாங்ஹோம் ஊருக்கு மேலே உள்ள குன்றில், நூறடி உயரத்தில் ஒரு கல்தூண் நிற்கிறது. ஊர்க்காரர்கள் தங்கள் பிள்ளைக்கு எழுப்பியது. நம் குன்றின் நிலையும் உங்களுக்குத் தெரியும். கீழே லாரிப் பட்டறைகளில் பாடி கட்டும் சுத்தியல் சத்தம், சேலம்–கோவை நெடுஞ்சாலையின் இரைச்சல், மேலே பெருமாள் கோயிலும் தர்காவும் வெயிலில் மதில்களும். ஆடிப் பதினெட்டு அன்று மட்டும் காலையிலிருந்தே வண்டிகள் வரும். தீரன் சின்னமலையின் நினைவிடத்தில் மாலைகள் மலையாகக் குவியும். போன ஆடியில் நான் நின்றிருந்தபோது எனக்கு முன்னால் வயதான அம்மா ஒருவர், பவானிக்குக் காவிரித் தாய்க்குக் கொண்டுபோகிற தட்டிலிருந்து ஒரு கைப்பிடிப் பூவை எடுத்து இங்கே தூவிவிட்டு, “போயிட்டு வர்றனுங் சாமி” என்று சொல்லிப் பஸ் பிடிக்க நடந்தார்.

கல்கத்தாவுக்கும் லண்டனுக்கும் போன காகிதங்களில் சங்ககிரி ஒரு தொகையாக இருந்தது. அந்த 40,000 வராகனை எந்தக் குடியானவனிடம், எந்த வயலுக்கு, என்ன கணக்கில் வாங்குவது என்று ரீடின் ஆட்கள் வயல் வயலாக இறங்கிப் பூமியை அளக்கத் தொடங்கினார்கள். அந்தக் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)